ரேகை ஓடுற மரத்துல கையால மேஜை செய்யறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாப்பாட்டு மேஜை ஒண்ணு நல்ல மரத்துல, பார்த்தா கண்ணு நிக்கிற மாதிரி ரேகையோட செய்யணும்னு நிறைய பேர் ஆசைப்படறாங்க, ஆனா மரக்கடைக்குப் போறதுக்கு முன்னாடியே ஒரே மாதிரி சந்தேகங்கள் தான் திரும்பத் திரும்ப வருது. கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்விய போட்டு, தெரிஞ்சத கீழ எழுதியிருக்கேன். மேலிருந்து வரிசையா படிச்சா நல்லது, பின்னாடி வர்ற பதில் பலதுக்கும் முன்னாடி சொன்னது தேவைப்படும்.

ஃபிகர் ஃபிகர்னு சொல்றாங்களே, அது தனி மர ஜாதியா?

இல்லைங்க. ஃபிகர்னா நாம ரேகைன்னு சொல்றது தான், எந்த ஜாதி மரத்துலயும் வரலாம், எல்லா மரத்துலயும் வராது. மரத்தோட நார் நேரா வளராம அலை அலையா வளர்ந்தா, இழைச்ச பிறகு ஒரு அலை வெளிச்சத்த திருப்பி அடிக்கும், பக்கத்து அலை உள்ள வாங்கிக்கும், அதனால குறுக்க பட்டை பட்டையா தெரியும். நீங்க நகர நகர அந்தப் பட்டையும் நகரும், பட்டுப்புடவைய வெளிச்சத்துல திருப்புற மாதிரி. மேப்பிள்ல பிரபலமா இருக்கறது இதுதான், வயலின் பின்பக்கத்துல பார்த்திருப்பீங்க.

இது ஒரு வகை தான். மரம் ரெண்டு கிளையா பிரியுற கவை இருக்கே, அங்க நார் நெருக்கி அடிச்சு வளர்றதால அறுத்தா இறகு மாதிரி விரியும். அடிமரத்துல கட்டி கட்டியா பொடைச்சு நிக்கும் பாருங்க, முளைக்காத மொட்டு கூட்டமா சேர்ந்து வளர்ந்தது, அதை அறுத்தா சின்னச் சின்ன கண்ணா சுழலும். வெப்ப நாட்டு மரங்கள் பலதுல நார் சில வருஷம் இடப்பக்கமும் சில வருஷம் வலப்பக்கமும் சாய்ஞ்சு வளரும், அந்தக் கட்டைய நடுவிலிருந்து ஆரம் வாக்குல அறுத்தா ரிப்பன் மாதிரி நீளக் கோடு கிடைக்கும். அறுக்கிற திசைய மாத்தினா அதே கட்டைல அது காணாமலே போயிடும், அதனால சா மில்லுல அறுவை எப்படிப் போகுதுன்னு கூட நின்னு பார்க்கறது ரொம்ப முக்கியம்.

நல்ல ரேகை வேணும்னா வெளிநாட்டு மரம் தானே வாங்கணும்? நம்ம ஊர்ல கிடைக்காதுல்ல?

இந்த ஒரு நினைப்ப மாத்தணும்னு தான் இந்தப் பக்கத்தையே எழுத ஆரம்பிச்சேன். வாகைய எடுத்துக்கோங்க, வைரம் பாய்ஞ்ச பகுதி வால்நட் மாதிரியே பழுப்பு, வெளிநாட்டு வியாபாரத்துல அதுக்கு ஈஸ்ட் இண்டியன் வால்நட்னே பேர் உண்டு. ரோட்டோரம் நிக்கிற தூங்குமூஞ்சி மரத்துல ரெண்டரை மூணு அடி அகலத்துக்கு ஒரே பலகை கிடைக்கும், கவைல அறுத்தா கண்ண எடுக்க முடியாது. பூவரசுல உள்கட்டை சாக்லேட் நிறம். மாமரம் வெட்டிப் போட்டு மழைல கிடந்தா பூஞ்சை ஏறி உள்ள கருப்புக் கோடு கோடா வரைஞ்சிருக்கும், கெட்டுப் போறதுக்கு முன்னாடி அறுத்து காய வச்சா அதுவும் ஒரு அழகு. அந்தமான் படாக் நம்ம நாட்டு மரம் தான், அதுல வர்ற சுழல் ரேகைக்கு உலகம் பூரா மதிப்பு. நீலகிரி டீ எஸ்டேட்ல நிழலுக்கு வச்ச சில்வர் ஓக் ஆஸ்திரேலியாலருந்து வந்தது, ஆனா இங்கயே வளர்ந்த கட்டை, ஆரம் வாக்குல அறுத்தா மீன் செதில் மாதிரி மினுமினுக்கும்.

இதுல பாதி மரம் கவை, கட்டி இருக்குன்னே கழிச்சு விறகுக்குப் போகுது, அதைப் பார்க்க மனசு கேக்க மாட்டேங்குது. கதவு நிலைக்கு நேர் நார் தான் வேணும்ங்கறதால மில்லுல அதைத் தள்ளி வைக்கிறாங்க, மேஜை செய்யறவருக்கு அதுதான் தங்கம். வெளிநாட்டு மரம் வேண்டாம்னு சொல்லல, மேப்பிளோட வெளுப்பும் ஆப்பிரிக்க வெங்கே மரத்தோட கருப்பும் நம்ம மரத்துல சுலபமா கிடைக்காது. அதுல கொஞ்சமா வாங்கி கண்ணு படுற இடத்துல வைங்க, உடம்பு முழுக்க நம்ம மரமா இருக்கட்டும்.

காரைக்குடி பக்கம் இடிச்ச வீட்டு மரம் வாங்கலாமா அண்ணா?

தாராளமா. செட்டிநாட்டு வீடுங்கள்ல போட்டது பெரும்பாலும் பர்மா தேக்கு, மியான்மர் 2014 ஏப்ரல்லருந்து உருட்டுக்கட்டையா ஏற்றுமதி பண்றத நிறுத்திடுச்சு, அதனால அந்தத் தரத்துல பழைய உத்திரமும் தூணும் தான் சுலபமா கண்ணுல படும். பல வருஷம் காத்து வாங்கினதால அசைவும் கம்மி.

ரெண்டு விஷயம் பார்த்துக்கோங்க. உள்ள ஆணி இருக்கும், தலை உடைஞ்சு மேல தெரியாது, ஒரு மெட்டல் டிடெக்டர் ஓட்டாம மிஷின்ல விட்டா பிளேடு போயிடும். அப்புறம், மேல பெயிண்ட் இருந்தா ரொம்ப பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்க வாய்ப்பு ஜாஸ்தி, காய்ஞ்ச நிலைல தேய்ச்சு தூசி கிளப்பாதீங்க, கெமிக்கல் போட்டு ஊற வச்சு சுரண்டுங்க.

ஈட்டி மரம் வாங்கினா கேஸ் ஆகுமாமே, உண்மையா?

பில்லோட வாங்கினா ஆகாது. ஈட்டி, அதாவது தோதகத்தி, தமிழ்நாட்டுல 1994-ல தனிச் சட்டமே போட்டு பாதுகாத்த மரம், சொந்த பட்டா நிலத்துல நின்னாலும் அனுமதி இல்லாம வெட்டக் கூடாதுன்னு அந்தச் சட்டம் சொல்லிச்சு, இப்ப உள்ள விதிய வனத்துறைல கேட்டுக்கோங்க. அதனால டிப்போல வாங்கும்போது பில்லையும், மரத்தைக் கொண்டு போற அனுமதிச் சீட்டையும் கேட்டு வாங்கி பத்திரமா வைங்க. பேப்பர் இல்லாம பாதி விலைக்குத் தர்றேன்னு யாராவது சொன்னா அந்த இடத்த விட்டு வந்துடுங்க. செம்மரம், சந்தனம் பக்கமே போகாதீங்க.

வெளிநாட்டுல இருக்கற பையனுக்கு மேஜை அனுப்பப் போறேன்னு சொல்றவங்களுக்கு இன்னொண்ணு. ஈட்டி வகை மரம் கிட்டத்தட்ட எல்லாமே 2017 ஜனவரிலருந்து சைட்டிஸ் ஒப்பந்தத்தோட (அழியற ஆபத்துல உள்ள உயிரினங்களோட வியாபாரத்தக் கட்டுப்படுத்தற சர்வதேச ஒப்பந்தம்) ரெண்டாவது பட்டியல்ல இருக்கு, எல்லை தாண்டணும்னா அதுக்குத் தனி பேப்பர் வேணும். ஆப்பிரிக்க படாக்கும் 2022-ல நடந்த கூட்டத்துல அதே பட்டியலுக்கு வந்துடுச்சு. தேக்குக்கு இந்தத் தொல்லை இல்ல.

ஆறு பேர் உக்கார்ற மேஜைக்கு எத்தன சி.எஃப்.டி (கன அடி) வாங்கணும்?

ஆளுக்கு 24 அங்குலம் இடம், உயரம் 30 அங்குலம், மேல் பலகை 6 அடிக்கு 3 அடி, கனம் 1 அங்குலம்னு வச்சுக்கோங்க. மேல் பலகை மட்டும் 1.5 கன அடி. 3 அங்குல சதுரக் கால் நாலு, சுமார் 0.6. சுத்தி வர்ற 4 அங்குல ஃபிரேம் கட்டை சுமார் 0.4. ஆக மொத்தம் 2.5 தான். ஆனா இழைப்பு, வெடிப்பு, பட்டைக்கு அடியில இருக்கற வெள்ளைப் பகுதி எல்லாம் போகும், அதனால நேர் நார் மரம்னா 4 கன அடியா வாங்குங்க. ரேகை மரத்துல ரேகைய பொருத்திப் பார்த்து வெட்டணும், கழிவு அதிகமாகும், மேல் பலகைக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் சேர்த்தே எடுங்க, அதே கட்டைலருந்து. ரெண்டு மாசம் கழிச்சு போய் அதே ரேகை கேட்டா கிடைக்காது.

அறுத்த பலகை மேல அழுக்கும் ரம்பக் கோடும் தான் இருக்கு, உள்ள ரேகை இருக்கான்னு எப்படிங்க கண்டுபிடிக்கறது?

சின்ன இழைப்புளி ஒண்ணு பையில கொண்டு போங்க, கடைக்காரர கேட்டுட்டு பலகை ஓரமா உள்ளங்கை அளவுக்கு இழைச்சுப் பாருங்க. அந்த இடத்துல கொஞ்சம் ஸ்பிரிட்டோ தண்ணியோ தடவி, செல்போன் டார்ச்ச பலகையோட ஒட்டி சாய்வா அடிங்க. அலை இருந்தா நிழல் நிழலா துள்ளும். டார்ச்ச எதிர்ப்பக்கத்துக்கு மாத்துங்க, வெளுப்பா இருந்த பட்டை கருப்பாகி கருப்பு வெளுத்தா அது நெசமான ரேகை, மாறாம அப்படியே இருந்தா வெறும் நிறக் கோடு.

உருட்டுக்கட்டையா வாங்கறீங்கன்னா பட்டை உரிஞ்ச இடத்த விரலால தடவுங்க, ரேகை உள்ள கட்டைல பல நேரம் பட்டைக்கு அடியிலயே மேடு பள்ளமா கைக்குத் தட்டுப்படும்.

கடைக்காரர் நல்லா காஞ்ச மரம்னு சொல்றார், நம்பலாமா?

மீட்டர் வச்சுப் பாருங்க. ரெண்டு ஊசி குத்துற மாய்ஸ்சர் மீட்டர் ஆன்லைன்ல கிடைக்குது, மேல குத்தாம பலகைய முனைலருந்து ஒரு அடி தள்ளி வெட்டி அந்தப் புது முகத்துல குத்தணும், உள்ள ஈரம் அப்பதான் தெரியும். மீட்டர் இல்லைன்னா ஒரு துண்ட எடை போட்டு, ஓவன்ல 103 டிகிரில எடை மாறாம நிக்கற வரை வச்சு, குறைஞ்ச எடைய காய்ஞ்ச எடையால வகுத்தா சதவீதம் வந்துடும்.

எவ்வளவு இருக்கணும்ங்கறது மேஜை வாழப்போற இடத்தப் பொறுத்தது. காத்துல ஈரப்பதம் 70 சதவீதம் இருந்தா மரம் கிட்டத்தட்ட 13-ல போய் நிக்கும், 50 சதவீதம் உள்ள ரூம்ல 9-க்கு இறங்கும். சென்னை மாதிரி கடலோரத்துல 12-13 சரி. ஏசி எப்பவும் ஓடுற வீடுன்னா 9-10 வரைக்கும் இறக்கணும். பச்சையா அறுத்ததுன்னா நிழல்ல, இடைல ரீப்பர் குச்சி வச்சு அடுக்கி, ரெண்டு முனைலயும் பெயிண்ட் அடிச்சு, அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம்ங்கற பழைய கணக்க வச்சுக்கோங்க.

மேல் பலகைய ஃபிரேம்ல பெவிகால் போட்டு ஸ்க்ரூவும் டைட்டா அடிச்சா ஸ்ட்ராங்கா தானே இருக்கும்?

பொளந்துடும். மேஜை வேலைல புரிஞ்சுக்க வேண்டிய விஷயம் ஒண்ணே ஒண்ணுன்னா இதுதான்: மரம் நீளவாக்குல கிட்டத்தட்ட அசையாது, அகலவாக்குல வருஷா வருஷம் விரியும் சுருங்கும். தேக்கு பச்சைலருந்து எலும்பா காயற வரை தொடுகோட்டு திசைல, அதாவது வளையத்த ஒட்டிப் போற திசைல, சுமார் 5.3 சதவீதம் சுருங்குது, மேப்பிள் 9.9. இத 30-ஆல வகுத்தா ஈரம் ஒரு சதவீதம் மாறும்போது எவ்வளவு அசையும்னு தோராயமா வரும். மேல சொன்ன 13-லருந்து 9-க்கு இறங்கினா, 36 அங்குல அகலத் தேக்கு பலகை கால் அங்குலம் சுருங்கும், மேப்பிள்னா அரை அங்குலத்துக்குக் கிட்ட வந்துடும். கீழ இருக்கற ஃபிரேம் நீளவாக்கு நார், அது அசையாது. ரெண்டையும் ஒட்டிட்டா பலவீனமான இடத்துல பலகை கிழிஞ்சு தான் ஆகணும், ரேகை மரத்துல நார் வளைஞ்சு போறதால அந்த இடம் அழகான கவைக்கு நடுவுலயே இருக்கும்.

அதனால நடுவுல மட்டும் இறுக்கிட்டு, ரெண்டு பக்கமும் ஸ்க்ரூ ஓட்டைய நார்க்குக் குறுக்க நீள்வட்டமா போட்டு வாஷரோட மாட்டுங்க. இல்லைன்னா ஃபிரேம் உள்பக்கம் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுத்து, அதுல நாக்கு மாட்டுற மாதிரி சின்ன மரக்கட்டை செஞ்சு பலகைல ஸ்க்ரூ பண்ணுங்க, பலகை நகரும்போது கட்டையும் காடிக்குள்ள நகரும். பழைய மேஜைங்கள கவுத்துப் பாருங்க, இந்தக் கட்டை இருக்கும்.

தேக்கு, மேப்பிள், படாக் மூணையும் கலந்து ஒரே டாப் போடலாமா?

போடலாம், நார் எல்லாம் ஒரே திசைல ஓடணும். பக்கத்துப் பக்கத்து பலகை கொஞ்சம் கூடக் குறைய அசைஞ்சாலும் எல்லாம் அகலத்துலயே அசையறதால சண்டை வராது, ஒட்டின இடத்துல விரலுக்கு லேசா ஒரு மேடு தட்டும் அவ்வளவு தான். அதிகமா அசையற மேப்பிள ரெண்டு மூணு அங்குலப் பட்டையா வைங்க. குறுக்க ஒரு பட்டை ஓட விடணும்னு ஆசைப்பட்டா அது ரொம்ப மெல்லிசா இருக்கணும்.

படாக் பக்கத்துல வெள்ளை மரம் இருந்தா இன்னொரு கவனம். படாக் தூசி ரத்தச் சிவப்பு, ஈரத் துணியாலயோ தின்னராலயோ துடைச்சீங்கன்னா மேப்பிள் முழுக்க ரோஸ் கலராயிடும். காத்தடிச்சு தூசிய எடுத்துட்டு, மெழுகு எடுத்த அரக்கு பாலிஷ மெல்லிசா ஒரு கோட் முதல்ல ஸ்ப்ரே பண்ணி அடைச்சுட்டு மத்த வேலைய பாருங்க.

இழைக்கும்போது பிய்ச்சு பிய்ச்சு எடுக்குது, ஆசாரி இந்த மரமே வேண்டாம்ங்கறார்

அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு, அலை நார்ல எந்தப் பக்கம் தள்ளினாலும் பாதி இடத்துல நார்க்கு எதிரா தான் போகும். முதல்ல உளிய தீட்டுங்க, நேத்து தீட்டினது போதாது. அப்புறம் இழைப்புளில உளி மேல உக்கார்ற இரும்புத் தகடு இருக்கே, அதை வெட்டுமுனைக்கு தலைமுடி கனத்துக்கு, ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒண்ணு ரெண்டு பங்கு வரைக்கும் கிட்ட கொண்டு வாங்க. சீவல் எழும்பின உடனே அந்தத் தகடு அதை மடக்கிடும், நார் நீளமா கிழிய நேரமே இருக்காது. சீவல் ரொம்ப மெல்லிசா வரணும், வாய் இடுக்கும் சின்னதா இருக்கணும். இது நெசமாவே வேலை செய்யும், ஈட்டிலயும் கூட.

அப்படியும் அடம்பிடிக்கற இடத்துக்கு ஸ்க்ரேப்பர் தகடு. பழைய ஆசாரிங்க உடைஞ்ச கண்ணாடிச் சில்ல வச்சு சுரண்டுவாங்களே, அதே வேலை தான், தகட்டுல விளிம்ப மடக்கி தீட்டிக்கிட்டா கை வெட்டாம நாள் பூரா ஓடும். பிளேனர் மிஷின்ல விடறதா இருந்தா மேல ஈரத் துணியால லேசா தடவிட்டு அரை மில்லி கூட எடுக்காம விடுங்க. பெரிய சுழல் கட்டைய மிஷின்ல விடவே வேண்டாம், ரெண்டு தண்டவாளம் வச்சு ரூட்டர்ங்கற குடையற மிஷின ஓட்டி சமப்படுத்தி மீதிய சாண்டிங்ல முடிங்க.

எண்ணெய் மரத்துல பெவிகால் பிடிக்காதாமே? அப்புறம் ஒட்டின இடத்துல கருப்பா கறை வேற வந்துருச்சு

தேக்கு, ஈட்டி ரெண்டுலயும் இயற்கையா எண்ணெய் உண்டு, இழைச்சு ரெண்டு நாள் விட்டா அது மேல வந்து நிக்கும். இழைச்ச அன்னைக்கே ஒட்டுங்க, ஒட்டறதுக்கு முன்னாடி அசிட்டோன்ல துணிய நனைச்சு ஒட்டுமுகத்த துடைச்சு ஆவியானதும் உடனே பசை. ஈட்டிக்கு எபாக்ஸி இன்னும் நம்பிக்கை.

கருப்புக் கறை பசையால இல்ல, இரும்பால. துவர்ப்பு உள்ள மரம், வேங்கை மாதிரி, ஈரமான பசையும் இரும்பு கிளாம்பும் ஒண்ணா பட்டா மை மாதிரி கருக்கும். கிளாம்புக்கு அடியில பாலித்தீன் பேப்பர் ஒரு துண்டு வச்சா போதும். வந்த கறைக்கு ஆக்ஸாலிக் ஆசிட் கரைசல தடவி, நல்லா கழுவி காய விடுங்க, கைக்கு கிளவுஸ் போட்டுக்கோங்க.

தூசி பட்டா கை அரிக்குது, இது சாதாரணம் தானா?

சாதாரணம்னு விடாதீங்க. ஈட்டி வகைத் தூசி தோல்ல அலர்ஜி உண்டாக்கும், ஒருதடவ ஆரம்பிச்சா அடுத்தடுத்து கொஞ்சத்துக்கே வரும். எந்த மரத்தூசியுமே நல்லதில்ல, உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு மரத்தூசிய மனுஷனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான பட்டியல்ல தான் வச்சிருக்கு. கர்சீப் கட்டறது பத்தாது, என்95 மாஸ்க் முகத்தோட ஒட்டி இருக்கணும், மிஷினுக்கு வேக்குவம் மாட்டுங்க, உங்ககிட்ட வேலை செய்யற பையனுக்கும் அதே மாஸ்க் வாங்கிக் குடுங்க.

சாம்பார் கொட்டும், சூடு பாத்திரம் வைப்போம், எந்த ஃபினிஷ் சார் போடறது?

ரேகை துள்ளணும்னா முதல் கோட் ஆளி விதை எண்ணெய் மாதிரி உள்ள இறங்கறதா இருக்கணும், அது முழுசா காயட்டும், வாரக் கணக்குல ஆகலாம், அப்புறம் மெழுகு எடுத்த அரக்கு, அது மேல பி.யூ., அதாவது பாலியூரித்தேன், மூணு மெல்லிசு கோட். வெறும் எண்ணெய் ஃபினிஷ் தொடறதுக்கு அவ்ளோ நல்லா இருக்கும், ஆனா மஞ்சத்தூள் கறை இறங்கும். பழைய முறை அரக்கு பாலிஷ் மட்டும் போட்டா சூடான டம்ளர் வச்ச இடத்துல வெள்ளை வட்டம் வரும், சாப்பாட்டு மேஜைக்கு வேண்டாம், பூஜை மேஜை எழுத்து மேஜைக்குப் போடுங்க. எதைப் போட்டாலும் அடிப்பக்கத்துக்கும் போடணும், இல்லைன்னா மேலயும் கீழயும் ஈரம் வேற வேற வேகத்துல ஏறி பலகை கிண்ணம் மாதிரி குழியும்.

எண்ணெய் துடைச்ச துணிய சுருட்டி மூலைல போடாதீங்க. ஆளி எண்ணெய் காயும்போது சூடாகும், சுருட்டின துணி தானாவே பத்திக்கும். விரிச்சுக் காயப்போடுங்க, இல்லைன்னா தண்ணி வாளில போட்டு வைங்க.

ஈட்டி மேல எண்ணெய் வார்னிஷ் போட்டு ஒரு வாரம் ஆச்சு, இன்னும் பிசுபிசுன்னு இருக்கு

அந்த மரத்துல இருக்கற இயற்கைப் பொருள் எண்ணெய் இறுகறதையே தடுக்குது, இன்னும் எத்தன வாரம் விட்டாலும் காயாது. தின்னர் போட்டு மொத்தத்தையும் துடைச்சு எடுத்துடுங்க. ஈட்டிக்கு மட்டும் முந்தின பதில்ல சொன்ன வரிசைல எண்ணெய் கோட்ட விட்டுட்டு நேரா அரக்குலருந்து ஆரம்பிங்க.

படாக் வாங்கும்போது ஆரஞ்சு சிவப்பா இருந்துச்சு, இப்ப பழுப்பாயிடுச்சே, ஏமாத்திட்டாங்களா?

ஏமாத்தல, வெயிலும் காத்தும் பட்டா அது அப்படித்தான் மாறும். வால்நட் நாளாக நாளாக வெளுக்கும், மேப்பிள் மஞ்சளிக்கும், பலா மஞ்சள்லருந்து பழுப்புக்குப் போகும். அல்ட்ராவயலட் தடுக்கற பி.யூ. போட்டா மெதுவாகும், நிக்காது. அதனால பல மரம் கலக்கும்போது இன்னைக்கு உள்ள நிறத்த வச்சு டிசைன் பண்ணாதீங்க. ஒவ்வொரு மரத்துலயும் ஒரு துண்ட பாதி மூடி மொட்டை மாடில ஒரு மாசம் வைங்க, வித்தியாசம் தெரிஞ்சுடும்.

மேஜைக்கு கீழ மாவு மாவா கொட்டுது

பூச்சி. அது வெள்ளைப் பகுதில இருக்கற மாவுச்சத்துக்கு வரும், வாகை, தூங்குமூஞ்சி, மா மூணுலயும் இது ஜாஸ்தி. வெள்ளை நிறம் அழகா இருக்குன்னு ஓரத்துல விட்டு வைக்கிறதா இருந்தா ஃபினிஷுக்கு முன்னாடியே போராக்ஸ், போரிக் ஆசிட் கரைசல்ல நல்லா நனைச்சு காய விடணும். ஃபினிஷ் போட்ட பிறகு அது உள்ள இறங்காது.

வெனீர் ஒட்டினா அது ஏமாத்து வேலை தானே?

நான் அப்படி நினைக்கல. சுழல் கட்டி மாதிரி ரேகை கனமான பலகையா நிக்கவே நிக்காது, எல்லாத் திசைலயும் சுருங்கி வெடிக்கும். அதையே 2 மில்லிமீட்டர் கனத்துல நீங்களே அறுத்து நல்ல பிளைவுட் மேல ஒட்டினா, ஒரு சின்னக் கட்டைல மூணு மேஜை வரும், அசைவுக் கணக்கும் தேவையில்ல. ஒரு நிபந்தனை, கீழ்ப்பக்கமும் ஏதாவது ஒரு மரத்துல அதே கனத்துக்கு ஒட்டணும், ஒருபக்கம் மட்டும் ஒட்டினா வளைஞ்சுடும். வாங்கறவர்கிட்ட வெனீர்னு சொல்லிட்டு வித்தா இதுல ஏமாத்து எதுவும் இல்ல.

ஏற்கனவே செஞ்ச மேஜை ஏசி ரூம்ல வச்ச பிறகு நடுவுல பொளந்துடுச்சு, காப்பாத்த முடியுமா?

பல நேரம் முடியும். கவுத்துப் போட்டு எது பலகைய பிடிச்சு வச்சிருக்குன்னு முதல்ல தேடுங்க, பெரும்பாலும் ஃபிரேம் ஸ்க்ரூவா இருக்கும், இல்லைன்னா முனைல குறுக்க ஒட்டின கட்டை. ஸ்க்ரூவ கழட்டி ஓட்டைய மேல சொன்ன மாதிரி நீள்வட்டமாக்குங்க. குறுக்குக் கட்டைய நடுவுல மட்டும் ஒட்டி, ரெண்டு பக்கமும் நீள ஓட்டைல மர ஆணி வச்சு மாத்துங்க.

அப்புறம் மேஜைய அதே ரூம்ல சில வாரம் விடுங்க. விட்ட பிறகு கையால அமுக்கினாலே விரிசல் மூடுதுன்னா பசை விட்டு மூடிடலாம். மூடலைன்னா அதே மரத்துல, அதே நார் திசைல, ஆப்பு மாதிரி மெல்லிசுப் பட்டை சீவி உள்ள இறக்கி ஒட்டி சமமா இழைங்க, கீழ்ப்பக்கம் வண்ணத்துப்பூச்சி வடிவத் துண்டு ஒண்ணு குறுக்க பதிச்சா இனிமே நீளாது. கிளாம்ப் போட்டு பலமா இழுத்து மட்டும் மூடாதீங்க, அந்த இழுவை உள்ளயே நின்னு பக்கத்துல இன்னொரு இடத்துல பொளக்கும்.